வாசகர் கேள்வி – பதில்: வன்னி வளவுகளில் கணினி வலையமைப்பு

ஒரு கட்டடத்துக்குள் அல்லது ஒரு வளவுக்குள் இருக்கும் கணினிகளையும் அச்சுப்பொறிகளையும் ஒன்றோடொன்று இணைக்கும் உள்ளக வலையமைப்பை எவ்வாறு திட்டமிடுவது என்று வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ எல்லாரும் எந்தப் பெட்டியை வாங்குவது என்றே கேட்டிருப்பதால், பதில்களில் பெட்டிகளைவிடக் கேபிளையும் நிலத்தையும் பற்றியே அதிகம் எழுத வேண்டியதாயிற்று. பெட்டிகளை ஐந்தாறு ஆண்டுகளில் மாற்றிவிடலாம். சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் போவது இருபது ஆண்டுகள் அங்கேயே கிடக்கும்.

கேள்வி: எங்கள் பாடசாலையில் 20 கணினிகள் உள்ள கணினிக்கூடம் ஒரு கட்டடத்திலும், அலுவலகம் அங்கிருந்து ஏறத்தாழ 60 மீற்றர் தள்ளி இன்னொரு கட்டடத்திலும், நூலகம் 140 மீற்றர் தள்ளி வளவின் மறுகோடியிலும் உள்ளன. சென்ற ஐப்பசியில் இடி விழுந்தபோது, அலுவலகத்துக்குக் கம்பத்தில் இழுத்திருந்த கேபிளின் இரு முனையிலும் இருந்த சுவிற்சுகளும் (கணினிகளின் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டிகள்), மூன்று கணினிகளின் வலையமைப்புப் போர்ட்டுகளும் (கேபிள் செருகும் துளைகள்) பழுதாகிவிட்டன. பழைய மாணவர்கள் புதிதாக அமைத்துத் தர முன்வந்திருக்கிறார்கள். அவர்களிடம் எதை வாங்கித் தரச் சொல்வது?
— ஆசிரியை, துணுக்காய்

பதில்: எதையும் வாங்குமுன் ஒரு பெரிய தாளில் உங்கள் வளவை வரையுங்கள். கட்டடங்கள், அவற்றுக்கிடையே நாடா பிடித்து அளந்த தூரம், மின்சாரம் எந்த மூலையால் உள்ளே வருகிறது, புவித்தொடுப்புக் கம்பி எங்கே இறங்குகிறது, எந்த மரம் எவ்வளவு உயரம் என்பனவெல்லாம் அதில் இருக்க வேண்டும். உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அந்தப் படத்திலேயே கிடைத்துவிடும்.

முதலில் தூரத்தை எடுத்துக்கொள்வோம். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும், எட்டுக் கம்பிகள் நான்கு சோடிகளாக முறுக்கப்பட்ட செப்புக் கேபிளுக்கு எல்லை 100 மீற்றர். அதிலும் சுவருக்குள் நிலையாகப் பதிப்பது 90 மீற்றர். மிகுதி 10 மீற்றர் இரு முனைகளிலும் செருகும் சிறு கேபிள்களுக்கானது. 140 மீற்றர் இழுத்தாலும் வேலை செய்கிறதே என்று சிலர் சொல்வார்கள். வெயில் நாளில் வேலை செய்யும், கோப்பைத் திறந்து பார்க்கவும் முடியும். ஆனால் சமிக்ஞை நலிந்துவிட்டதால் தரவுப் பொதிகள் இடையிடையே தவறி, அவற்றைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டிய நிலை வரும். ஆகவே நூலகத்துக்குச் செப்புக் கேபிள் பொருந்தாது.

அலுவலகம் 60 மீற்றர்தான் என்பதால் அங்கே செப்பு போதுமே என்று தோன்றும். உங்கள் சுவிற்சுகளை எரித்தது அந்த எண்ணந்தான். இடி நேரே கேபிளின்மேல் விழ வேண்டியதில்லை. வளவுக்கு அருகில் ஒரு பனையில் விழுந்தால், அந்த மின்னோட்டம் மண்ணுக்குள் பரவும்போது நிலத்தின் மின்னழுத்தம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. கணினிக்கூடத்தின் நிலம் ஓர் அழுத்தத்திலும் அலுவலகத்தின் நிலம் இன்னோர் அழுத்தத்திலும் ஒரு கணம் நிற்கின்றன. இரண்டையும் செப்புக் கம்பியால் இணைத்திருந்தால், அந்த வேறுபாடு முழுவதும் அக்கம்பியைத் தேடி வரும். ஒவ்வொரு போர்ட்டுக்குள்ளும் இருக்கும் சிறு மின்மாற்றி 1500 வோல்ற்று வரை தாங்குமாறு நியமம் வகுத்திருந்தாலும், இடியின் முன் அது மிகச் சிறிய எண்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், இதே வன்னியில் ஓர் அலுவலகத்துக்கு நானும் இப்படித்தான் 50 மீற்றர் செப்புக் கேபிளை மரத்துக்கு மரம் கட்டி இழுத்துக் கொடுத்தேன். முதலாவது சித்திரை மழையில் ஐந்து கணினிகள் போயின. அன்றிலிருந்து இரு கட்டடங்களுக்கிடையே நான் செப்பு இழுப்பதில்லை. இழுக்கச் சொல்பவர்களிடமும் மறுத்துவிடுகிறேன். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் இடிமழை வழக்கமாக உள்ள நிலத்தில் இது பிடிவாதம் அல்ல.

கட்டடங்களுக்கிடையே ஒளியிழையைப் போடுங்கள். பைபர் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். கண்ணாடி இழையில் ஒளிதான் போகிறது, மின்சாரம் போவதில்லை; எனவே ஒரு கட்டடத்தில் நேர்ந்தது இந்த வழியால் மற்றதற்குத் தாவாது. ஒற்றைமுறை இழை என்ற வகையைக் கேளுங்கள். அதற்கேற்ற சாதாரண ஒளிச் செருகிகளே 10 கிலோமீற்றர் வரை தாங்கக்கூடியவை என்பதால் உங்கள் 140 மீற்றர் ஒரு பொருட்டல்ல. வீடுகளுக்குப் பைபர் இணைப்புக் கொடுப்பவர்கள் பயன்படுத்துவதும் அதே வகையே என்பதால், இழை அறுந்தால் ஒட்டித்தர ஆள் தேடுவதும் எளிது. இரண்டு இழை போதுமான இடத்தில் நான்கு இழை உள்ள கேபிளைப் போடுங்கள். விலை வேறுபாடு சிறிது, ஆனால் ஓர் இழை பழுதானால் மீண்டும் மண்ணைத் தோண்ட வேண்டியிராது.

இதில் பலர் தவறவிடும் ஒன்று உண்டு. கம்பங்களில் தொங்கவிடும் பைபர் கேபிளோடு, பாரத்தைத் தாங்குவதற்காக ஓர் உருக்குக் கம்பி ஒட்டியிருக்கும். அந்தக் கம்பியை அப்படியே உள்ளே கொண்டுவந்து இரும்பு அலுமாரியில் கட்டினால், ஒளியிழை போட்டதன் பயன் போய்விடும். கம்பியைக் கட்டடத்துக்கு வெளியே கொளுவியோடு நிறுத்தி, இழையை மட்டும் உள்ளே எடுக்க வேண்டும். நிலத்தடியால் கொண்டுபோவதாயின் உலோகம் கலக்காத கேபிளையே வாங்கி, பீ.வீ.சீ குழாய்க்குள் விட்டு, குழாயின் இரு வாய்களையும் எலியும் எறும்பும் நுழையாதவாறு அடையுங்கள். குழாய்க்குள் ஒரு நைலோன் கயிற்றையும் சேர்த்து விட்டுவைத்தால், பின்னர் இன்னொரு கேபிள் இழுக்க உதவும்.

அமைப்பு முறை எளிது. கணினிக்கூடத்தில் 24 போர்ட் உள்ள, செக்கனுக்கு 1 கிகாபிற்று வேகமுடைய ஒரு நல்ல சுவிற்ச் நடுவில் இருக்கட்டும். 20 கணினிகளுக்கும் அதிலிருந்து தனித்தனிக் கேபிள் போக வேண்டும். அலுவலகத்துக்கும் நூலகத்துக்கும் அதே சுவிற்சிலிருந்து ஒவ்வொரு பைபர் இணைப்பு, அவ்விடங்களில் 8 போர்ட் உள்ள சிறிய சுவிற்ச் ஒவ்வொன்று. அலுவலகத்திலிருந்து நூலகத்துக்குத் தொடர்ச்சியாகக் கொண்டுபோக வேண்டாம். அலுவலகத்தில் மின்சாரம் நின்றால் நூலகமும் நின்றுவிடும்.

இடி வரும் மற்ற வழி மின்வழங்கல். கட்டடத்தின் பிரதான மின்பலகையில் மின்னெழுச்சித் தடுப்பான் ஒன்றைப் பொருத்தி, புவித்தொடுப்பைத் தகுதியுள்ள மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு அளந்து பாருங்கள். நீர் பிடித்துவைக்கும் வயல் மண்ணில் ஒரு புவிக்கம்பி தரும் பலனை, முல்லைத்தீவுக் கரையோரத்து உலர்ந்த மணலில் அதே கம்பி தருவதில்லை. அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட கம்பிகளை ஆழமாக இறக்க நேரிடும். இவ்வளவு செய்த பிறகும், இடி முழங்கத் தொடங்குமுன்னரே செருகியைக் கழற்றிவிடும் பழக்கத்தைக் கைவிட வேண்டாம்.

கேள்வி: 305 மீற்றர் கேபிள் பெட்டி ஒரு கடையில் மற்றக் கடையிலும் பார்க்க ஏறத்தாழ அரைவிலைக்குக் கிடைக்கிறது. இரண்டிலும் கற் 6 (Cat 6, வலையமைப்புக் கேபிளின் ஒரு தர வகை) என்றே அச்சிட்டிருக்கிறது. மலிந்ததை வாங்கலாமா?
— கடை உரிமையாளர், பரந்தன்

பதில்: வாங்க வேண்டாம். அந்த மலிவுக்குக் காரணம் பெரும்பாலும், கம்பி செப்பாக இல்லாமல் செப்புப் பூசிய அலுமினியமாக இருப்பதே. வலையமைப்புக் கேபிளின் நியமங்கள் முழுச் செப்பையே கேட்கின்றன. அலுமினியம் மின்னைக் கடத்துவதில் செப்பின் ஐந்தில் மூன்று பங்களவே. இரண்டு மூன்று முறை வளைத்தால் முறிந்துவிடும். மூலையில் மடித்துச் சுவருக்குள் போட்டபின் முறிவு எங்கே என்று தேடுவது பெருந்துன்பம். கேபிளின் வழியே மின்சாரத்தையும் அனுப்பிக் கமெராவையோ வைஃபைப் பெட்டியையோ இயக்குவதாயின், அக்கம்பி வீணாகச் சூடேறும்.

கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கம்பியின் மேற்பரப்பைப் பிளேற்றால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம். அலுமினியத்தின் அடர்த்தி செப்பினதில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு என்பதால், இரண்டு பெட்டிகளையும் கையில் தூக்கினாலே வேறுபாடு தெரியும். உங்களிடம் மல்ரிமீற்றர் இருந்தால் இன்னும் உறுதியான வழி உண்டு. 23 கேஜ் (கம்பியின் தடிப்பைக் குறிக்கும் எண்; எண் கூடினால் கம்பி மெல்லியது) முழுச்செப்புக் கம்பி ஒன்றின் தடை 305 மீற்றருக்கு ஏறத்தாழ 20 ஓம். 24 கேஜ் ஆயின் ஏறத்தாழ 26 ஓம். 23 கேஜ் என்று எழுதிய பெட்டியில் 30 ஓமுக்கு மேல் காட்டினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கடைக்குக் கற் 6 தேவைதானா? கற் 5ஈ கேபிளே 1 கிகாபிற்று வேகத்தை 100 மீற்றர் வரை கொண்டுபோகும். கற் 6இன் பயன் 10 கிகாபிற்று வேகத்தில் தெரியவரும். அதுவும் ஏறத்தாழ 55 மீற்றர் வரைதான். பெயர் பெரிய போலிக் கற் 6ஐவிட, முழுச் செப்பாலான கற் 5ஈ உங்களுக்கு நெடுநாள் உழைக்கும்.

செருகி பொருத்துபவரையும் கவனியுங்கள். இரு முனையிலும் ஒரே ஒழுங்கு இருந்தால் எந்த ஒழுங்கும் சரி என்று நம்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது தவறு. 1–2, 3–6, 4–5, 7–8 ஆகிய ஊசிகளுக்கு ஒவ்வொரு முறுக்கிய சோடி போக வேண்டும். ஒரு சோடியின் இரு கம்பிகளும் ஒன்றையொன்று சுற்றிச் செல்வதாற்றான் வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சல் இரண்டிலும் சமமாக விழுந்து, முடிவில் கழிந்துபோகிறது. நிறங்களை மனம்போனபடி அடுக்கினால் சோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் வரிசையாக எரியும்; கேபிளோ பிழையாகவே வேலை செய்யும். வெள்ளைச்செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப்பச்சை, நீலம், வெள்ளைநீலம், பச்சை, வெள்ளைக்கபிலம், கபிலம் என்ற ஒழுங்கை இரு முனையிலும் பின்பற்றி, முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் அவிழ்க்காமல் பொருத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு காலை எங்கள் சங்கத்தின் கணினிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உறைந்துவிட்டன. சுவிற்சின் எல்லா விளக்குகளும் இடைவிடாமல் மின்னின. சுவிற்சை நிறுத்திப் போட்டால் சில செக்கன்கள் மட்டும் சரியாக இருந்து, மீண்டும் அதே நிலை. மாலையில் ஒருவர் வந்து ஒரு சிறு கேபிளைக் கழற்றியதும் எல்லாம் சரியாயிற்று. அது ஏன்?
— கூட்டுறவுச் சங்க எழுதுவினைஞர், நெடுங்கேணி

பதில்: கழற்றப்பட்ட கேபிளின் இரு முனைகளும் ஒரே சுவிற்சில், அல்லது ஏற்கெனவே இணைந்திருந்த இரு சுவிற்சுகளில் செருகப்பட்டிருந்திருக்கும். மேசைக்கடியில் அநாதையாகக் கிடந்த முனையைக் கண்டு, கூட்டித் துடைத்தவர் யாரோ நல்ல மனத்தோடு செருகியிருக்கக்கூடும். அவரைக் குறைசொல்ல வேண்டாம்.

கணினிகள் சில செய்திகளை எல்லாருக்கும் பொதுவாக அனுப்பும். அவ்வாறான செய்தி வந்தால், வந்த போர்ட்டைத் தவிர்ந்த எல்லாப் போர்ட்டுகளாலும் அதை வெளியே விடுவது சுவிற்சின் கடமை. பாதையில் ஒரு வளையம் இருந்தால் அச்செய்தி மறுபக்கத்தால் திரும்பி வந்து, மீண்டும் பெருகிப் போகும். இணையப் பொதிகளுக்கு இத்தனை தாவல்களுக்குமேல் போகக்கூடாது என்று ஓர் ஆயுள் எண் உண்டு. உள்ளக வலையமைப்புக் கேபிளில் தரவை அனுப்பும் முறையான ஈதர்நெற்றின் பொதிக்கு, அதாவது சட்டகத்துக்கு, அப்படி எதுவும் இல்லை. ஆகவே அது சாவதில்லை. கண்மூடித் திறப்பதற்குள் கேபிள்கள் முழுவதையும் அச்செய்தியின் பிரதிகளே நிரப்பிவிடுகின்றன.

இதற்கான தீர்வை றேடியா பேர்ள்மன் என்ற பெண் பொறியியலாளர் 1985இல் உருவாக்கினார். சுவிற்சுகள் தமக்குள் செய்தி பரிமாறி, வளையமே இல்லாத ஒரு மர அமைப்பைத் தாமாகவே தெரிந்து, மிகையான பாதைகளை அடைத்துவைக்கும் முறை அது. 1990இல் நியமமாயிற்று. ஆனால் மேசைமேல் வைக்கும் மலிவான சுவிற்சுகள் பலவற்றில் இந்த வசதி இல்லை. எனவே நடுச் சுவிற்சையாவது அமைப்புகளை மாற்றக்கூடிய வகையில் வாங்கி, அதில் இந்த வசதி செயற்படுகிறதா என்று உறுதிசெய்யுங்கள். ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் ஒரே இலக்கத்தை ஒட்டிவைப்பது அதைவிட மலிவான மருந்து. பாவனையில் இல்லாத கேபிள்களைக் கழற்றி அலுமாரிக்குள் வையுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் வைஃபையிலேயே வைத்துக்கொண்டால் கேபிள் செலவு மிச்சம் அல்லவா? எங்கள் நிலையத்தில் தகரக் கூரை போட்ட மூன்று மண்டபங்கள் உள்ளன. ஒரே நேரத்தில் 60 மாணவர்கள் வரை இருப்பார்கள்.
— தனியார் கல்வி நிலைய நிருவாகி, புதுக்குடியிருப்பு

பதில்: வைஃபை வேண்டும்; ஆனால் அதையும் கேபிளே தாங்குகிறது. சுவிற்சில் ஒவ்வொரு கணினிக்கும் தனிப்பாதை உண்டு. வைஃபையில் ஒரு பெட்டியோடு இணைந்த எல்லாரும் ஒரே வான்வழியைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். 60 பேரை ஒரு வீட்டு ரவுட்டரில் சேர்த்தால் எல்லாருக்கும் காத்திருப்பே மிஞ்சும்.

தகரம் வானொலி அலையைத் தெறிக்கச் செய்யும் என்பதால், ஒரு மண்டபத்துப் பெட்டி அடுத்த மண்டபத்துக்கு உதவும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மண்டபத்துக்கு ஒன்றாக மூன்று வைஃபைப் பெட்டிகளை வைத்து, ஒவ்வொன்றையும் சுவிற்சோடு கேபிளால் இணையுங்கள். மண்டபங்கள் தனித்தனிக் கட்டடங்களாயின், துணுக்காய் ஆசிரியைக்குச் சொன்ன ஒளியிழை உங்களுக்கும் பொருந்தும். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் 1, 6, 11 என்ற மூன்றுதான். அதிட்டவசமாக உங்களுக்கும் மூன்று மண்டபங்கள். 5 கிகாஹேர்ட்ஸ் வசதியுள்ள கருவிகளை அதற்கு மாற்றிவிடுங்கள், அங்கே இடம் அதிகம். சமிக்ஞையை வாங்கித் திருப்பி அனுப்பும் பெருக்கிப் பெட்டிகளைத் தவிருங்கள். ஒரே செய்தியை வானில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகக் குறையும். நிலையான இடத்தில் இருக்கும் அலுவலகக் கணினியும் அச்சுப்பொறியும் கேபிளிலேயே இருக்கட்டும்.

கேள்வி: அலுவலகக் கணக்குக் கணினிகள் மாணவர்களின் கணினிகளுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். இதற்கு இரண்டு தனித்தனி வலையமைப்புப் போட வேண்டுமா?
— அதிபர், மாங்குளம்

பதில்: தேவையில்லை. ஒரே சுவிற்சையும் கேபிள்களையும் வைத்துக்கொண்டு, போர்ட்டுகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் தனி வலையமைப்புப் போல நடத்தலாம். மெய்நிகர் வலையமைப்பு என்று இதைச் சொல்வார்கள். வீலான் என்ற பெயரில் கேட்டால் கடையில் விளங்கும். 1998இல் வந்த நியமப்படி ஒவ்வொரு சட்டகத்திலும் 12 பிற்று அளவுள்ள ஒரு குழு இலக்கம் ஒட்டப்படுகிறது. 4094 குழுக்கள் வரை அமைக்கலாம். உங்களுக்கு அலுவலகம், மாணவர், விருந்தினர் வைஃபை என்ற மூன்று போதும். மாணவர் பக்கத்திலிருந்து அலுவலகப் பக்கத்துக்குப் போகக்கூடாது என்ற விதியை ரவுட்டரில் எழுத வேண்டும். அதை எழுதாமல் குழு மட்டும் பிரித்தால் ரவுட்டரே இரண்டையும் மீண்டும் சேர்த்துவிடும்.

முகவரிகளையும் அதற்கேற்பப் பிரியுங்கள். அலுவலகத்துக்கு 192.168.10 இல் தொடங்குவதும், மாணவர்களுக்கு 192.168.20 இல் தொடங்குவதும் என்று வைத்தால், ஒவ்வொன்றிலும் 254 கருவிகளுக்கு இடம் உண்டு. முகவரியைப் பார்த்ததுமே கருவி எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். அச்சுப்பொறிக்கு நிலையான முகவரி கொடுங்கள். யாராவது வீட்டு ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து சுவரிலுள்ள போர்ட்டில் செருகினால், அதுவும் தன்பாட்டில் முகவரி பகிரத் தொடங்கி, பாதிக் கணினிகள் வழிதவறிவிடும். காரணமின்றி இணையம் போய்விட்டது என்ற முறைப்பாடு வந்தால் முதலில் இதைத் தேடுங்கள்.

கேள்வி: பஸ், வளைய அமைப்புகளைப் படிக்கிறோம். ஆனால் எங்கும் காணவில்லையே?
— உயர்தர மாணவி, விசுவமடு

பதில்: ஒரு காலத்தில் இருந்தன. 1973இல் சேரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் றொபேட் மெற்காஃபும் டேவிட் பொக்ஸும் உருவாக்கிய ஈதர்நெற் ஒரே தடித்த கேபிளில் எல்லாக் கணினிகளும் தொங்கிய பஸ் அமைப்புத்தான். பின்னர் வந்த மெல்லிய ஓரச்சுக் கேபிள் ஒரு துண்டுக்கு 185 மீற்றர் வரை போயிற்று. அதில் ஓர் இணைப்புக் கழன்றாலும் அந்தத் துண்டு முழுவதும் நின்றுவிடும். எந்த மேசையில் கழன்றது என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்க்க வேண்டும். ஐ.பி.எம் நிறுவனத்தின் வளைய அமைப்பில் அடையாளவில்லை ஒன்று சுற்றிவரும். அது யாரிடம் இருக்கிறதோ அவரே பேசலாம். அது ஒழுங்கானது, ஆனால் விலை அதிகம். 1990இல் முறுக்கிய சோடிக் கேபிளில் ஈதர்நெற் நியமமானதும், தொலைபேசி வயர் போல ஒவ்வொரு மேசைக்கும் தனிக் கேபிள் போடும் விண்மீன் அமைப்பு வென்றுவிட்டது. ஒன்று கழன்றால் ஒருவருக்கு மட்டுமே நட்டம் என்பதே அந்த வெற்றிக்குப் பெரிய காரணம்.

கேள்வி: எங்கள் கிராமத்தில் இணையச் சமிக்ஞை மிகவும் பலவீனம். இந்நிலையில் சனசமூக நிலைய நூலகத்தில் வலையமைப்புப் போடுவதால் பயன் உண்டா?
— வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: நிச்சயமாக உண்டு, உங்களைப் போன்ற இடத்துக்குத்தான் அது மிகவும் வேண்டும். உள்ளக வலையமைப்பு ஓட இணையம் தேவையில்லை. றாஸ்பெரி பை போன்ற கையளவு கணினி ஒன்றை அல்லது பழைய கணினி ஒன்றைப் பரிமாறியாக (மற்றக் கருவிகளுக்குக் கோப்புகளை வழங்கும் சேர்வராக) வைத்து, கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளை அதில் நிறுவினால், தமிழ் விக்கிப்பீடியாவை முழுவதுமாகச் சேமித்து, நூலகத்துக்குள் வரும் எந்தக் கைபேசியிலும் வைஃபை வழியாகப் படிக்கச் செய்யலாம். கடந்தகால வினாத்தாள்கள், ஆசிரியர்கள் தயாரித்த குறிப்புகள், பாடக் காணொளிகள் ஆகியவற்றையும் அதே பரிமாறியில் ஒரு பொதுக் கோப்புறையில் வையுங்கள். சமிக்ஞை நன்றாக உள்ள கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ போய் வருபவர் ஒருவர், மாதம் ஒரு முறை புதியவற்றை ஒரு சேமிப்புக் குச்சியில் கொண்டுவந்து சேர்த்தால் போதும்.

மின்தடைக்கு, 12 வோல்ற்றில் ஓடும் வைஃபைப் பெட்டிக்கென விற்கப்படும் சிறு மின்கலப் பெட்டி ஒன்றை வாங்குங்கள். பரிமாறி திடீரென அணைந்தால் அதன் நினைவக அட்டை கெடலாம் என்பதால், அதற்கும் பொருத்தமான காப்புமின் ஒன்றைக் கொடுத்து, உள்ளடக்கத்தின் இன்னொரு பிரதியைத் தனி அட்டையில் எழுதி நூலகரின் லாச்சிக்குள் வைத்துவிடுங்கள்.